கூடப் படித்தவன் வீட்டில் கூலி பேசுவது

டைல்ஸ் ஒட்டும் வேலைக்கு வந்து எனக்கு 19 வருடம் ஆகிறது. வீடு உறையூரில், வேலை பெரும்பாலும் திருச்சிக்குள்தான். முன்பின் தெரியாதவர் வீட்டில் கூலி பேச எனக்கு ஐந்து நிமிடம் போதும். கூடப் படித்தவன் வீடு என்றால் மட்டும் வாய் வராது.

2016இல் அப்படித்தான் ஆனது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் பழைய வீட்டைச் சரிசெய்தான். ஹால், இரண்டு அறை, சமையலறைச் சுவர், மாடிப்படி. "எவ்வளவு மாப்ள ஆகும்?" என்றான். "மொதல்ல வேலைய முடிப்போம், பாத்துக்கலாம்டா" என்றேன். நான், இன்னொரு கொத்தனார், இரண்டு சித்தாள். 9 நாள் வேலை. அப்போது கொத்தனார் கூலி 700, சித்தாள் கூலி 450. சனிக்கிழமைச் சம்பளத்தைக் கைக்காசு போட்டுக் கொடுத்தேன், அவனிடம் கேட்கவில்லை. கடைசி நாள் தட்டில் வெற்றிலை பாக்கு, வேட்டி துண்டோடு 15,000 ரூபாய் வைத்துக் கொடுத்தான். கொத்தனாருக்கு 6,300, சித்தாள் இருவருக்கும் 8,100. எனக்கு நின்றது 600 ரூபாய்.

அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் போன் செய்தால் எடுப்பதைக் குறைத்துக்கொண்டேன். அவன் பெண்ணின் காதுகுத்துக்குக்கூடப் போகவில்லை. இதை எழுதும்போதும் மனசு உறுத்துகிறது.

போன மாதம் அவனே வீட்டுக்கு வந்தான். மாடி பாத்ரூமில் இருந்து கசிந்து, கீழே அம்மா படுக்கும் அறையின் கூரையில் ஓதம் ஏறி, சுண்ணாம்பு உதிர்கிறதாம். போய்ப் பார்த்தேன். கரணைக் காம்பால் டைல்ஸைத் தட்டினால் பாதிக்கு மேல் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம். இடித்துவிட்டுப் புதிதாகத்தான் ஒட்ட வேண்டும்.

இந்த முறை நோட்டை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். 5க்கு 8 அடி பாத்ரூம், தரை 40 சதுர அடி. சுவரில் 7 அடி உயரத்துக்கு, கதவு போக, சுமார் 165. உடைத்துக் கீழே இறக்க 2 சித்தாள் 2 நாள், 3,200. பூச்சும் கசிவுத் தடுப்பும் நானும் ஒரு சித்தாளும் 1 நாள். சுவர் 4 நாள். தரையும், டைல்ஸ் இடுக்கை அடைக்கும் க்ரௌட்டும் 1 நாள். சித்தாள் கூலி மொத்தம் 8,000. என் கூலி 6 நாளைக்கு, 1,300 மேனிக்கு, 7,800. பிளேடு, மெஷின், வண்டி 1,200. இதற்கு மேல் வெளி வேலை என்றால் 3,000 வைப்பேன். அது என் லாபம்.

அந்த 3,000ஐ அவன் கண் முன்னால் அடித்தேன். "17,000டா. லாபம் வேண்டாம். கூலியில கை வைக்க முடியாது" என்றேன். என் நட்புக்காகச் சித்தாள் ஏன் 100 ரூபாய் குறைத்து வாங்க வேண்டும்? அவருக்கு அது இன்னொரு வீடு, அவ்வளவுதான். என் கூலியும் அப்படித்தான். அந்த 6 நாள் நான் வேறு வீட்டுக்குப் போயிருந்தால் வந்திருக்கும் காசு அது.

அவன் மனைவி, "அண்ணா, வேற எதாவது கொறைக்க வழி இருக்கா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. டைல்ஸ் பெட்டிகளை நீங்களே மாடிக்கு ஏற்றி வையுங்கள், நான் வருவதற்கு முன்னால் கீசரையும் கண்ணாடியையும் கழற்றிவிடுங்கள், அரை நாள் மிச்சம் என்றேன். டைல்ஸ் ஒட்டும் பசைக்குப் பதில் சிமெண்ட் பால் போதாதா என்று அவன் கேட்டான். அங்கே விட்டுக்கொடுக்கவில்லை. அவன் எடுத்து வைத்திருந்தது விட்ரிஃபைட் டைல்ஸ். அது தண்ணீரை உறிஞ்சவே உறிஞ்சாது என்று சொல்லலாம், அரை சதவீதத்துக்கும் கீழேதான். சிமெண்ட் பால் அதைப் பிடிக்காது, நாளைக்குச் சுவரிலிருந்து கழன்று விழும்.

அப்புறம் அவன் நோட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அன்னிக்கு உனக்கு எவ்வளவுடா நின்னுச்சு?"

சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: அப்போது பக்கத்துத் தெருவில் விசாரித்தானாம், சதுர அடிக்கு 24 ரூபாய் என்றார்களாம். 620 சதுர அடிக்கு 14,880. அதற்கு மேலேயே வைத்துக் கொடுத்ததாக இத்தனை வருடம் நினைத்திருக்கிறான். அவன் கணக்கில் தப்பே இல்லை. அந்த ரேட் வெறும் தரைக்கு. சுவரடியில் ஒட்டும் பட்டையான ஸ்கர்ட்டிங்கை ரன்னிங் அடியில், அதாவது நீளக் கணக்கில் போடுவோம், படி விளிம்பை உருட்டும் நோசிங் தேய்ப்பது தனி, சமையலறைச் சுவர் தனி. இதெல்லாம் அவனுக்கு எப்படித் தெரியும்? சொல்ல வேண்டியவன் நான்.

வேலையில் ஒரு இடைஞ்சல் வந்தது. மூன்றாம் நாள் சுவரைக் கொத்தும்போது பழைய ஜிஐ இரும்பு பைப்பின் எல்போ, அதாவது வளைவு, துருப்பிடித்துக் கையோடு வந்துவிட்டது. கசிவுக்குக் காரணமே அதுதான். பைப்பைத் தொடுவதற்கு முன் ஆபீசில் இருந்தவனுக்கு போன் போட்டு, "900 கூட ஆகும், மாத்தட்டுமா?" என்றேன். "மாத்துடா" என்றான். பூச்சு காய்ந்ததும் தண்ணீர் போகும் துளையை அடைத்துத் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க விட்டோம். மறுநாள் காலையில் அவன் அம்மா கட்டிலருகே ஸ்டூல் போட்டு நான் கூரையைத் தடவ, "ஈரம் இருக்கா தம்பி, ஈரம் இருக்கா?" என்று அம்மா கீழே நின்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஈரம் இல்லை.

கடைசி நாள் 17,900ஐ எண்ணிக் கொடுத்தான். தனியாக ஒரு கவர் நீட்டினான். 5,700 இருந்தது. 9 நாள் கூலி 6,300, அதில் அன்றைக்கு நின்ற 600 போக. "வேண்டாம்டா" என்றேன். "படிக்கும் ஸ்கர்ட்டிங்குக்கும்" என்று சட்டைப்பையில் வைத்துவிட்டான். வீட்டுக்கு வந்து நோட்டில் 2016 என்று எழுதி, அதற்கு நேரே 5,700ஐ வரவு வைத்தேன்.