நெப் காட்டில், மே மாதம்

மே 9
கூடாரத்தின் மேல் இரவு முழுவதும் மழை பெய்தது. அண்ணனைப் பற்றிச் செய்தி இல்லை.

மே 10
இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் உள்ள இந்த நெப் பண்ணையின் களிமண்ணில் பெரும்பாலான ஆண்டுகளில் நட்டமே கண்ட சார்லி பர்ரெல், 2000ஆம் ஆண்டில் கறவை மாடுகளையும் இயந்திரங்களையும் விற்கத் தொடங்கி, 3,500 ஏக்கர் பரம்பரை நிலத்தையும் படிப்படியாக அதன் போக்கில் விட்டுவிட்டார். நான் நெடுமரங்களை எதிர்பார்த்து வந்தேன், கண்டதோ முட்புதர்கள். ஜே என்னும் பறவை புதைத்துவிட்டு மறந்த ஓக் விதை அம்முட்களின் நடுவே முளைக்கிறது. மானும் மட்டக்குதிரையும் வாய் வைக்க முடியாததால் கன்று தப்பிப் பிழைக்கிறது; மேய்ச்சலுக்கு எட்டாத உயரத்தை அடைந்த பின், தன்னைக் காத்த முள்ளைத் தன் நிழலாலேயே பட்டுப்போகச் செய்கிறது. முள்ளே ஓக்கின் தாய் என்பது இங்குள்ள பழைய சொல். இடுப்பளவு வளர்ந்த ஒரு கன்றின் அருகில் மாலை வரை நின்றிருந்தேன். அந்த முள்ளை நினைக்க மனம் பொறுக்கவில்லை.

மே 11
அதே கன்றிடம் மீண்டும் போனேன்.

மே 12
பள்ளிப் பாடத்தில் மட்டுமே அறிந்திருந்த செங்கால் நாரையை இன்று ஓக் மரத்து உச்சியில், கூட்டோடு கண்டேன். 1416ஆம் ஆண்டில் எடின்பரோவில் கூடு கட்டியதாகப் பதிவு உள்ளது. அதற்குப் பிறகு பிரிட்டனில் இயற்கைச் சூழலில் அதன் குஞ்சுகள் பொரிந்தது 2020இல், இங்கேதான். அலகோடு அலகு தட்டும் ஓசை கேட்டு, வாய்விட்டுச் சிரித்தேன். எத்தனை நாட்களாயிற்று!

இரவு இரண்டு மணிக்கு நைட்டிங்கேல் பாடியது. துணை கிடைக்காத ஆண் பறவைதான் இவ்வளவு நேரம் பாடும் என்கிறார்கள். தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டே விடியும் வரை கேட்டேன்.

மே 13
காட்டுப்பன்றிக்கு மாற்றாக விடப்பட்ட டாம்வொர்த் பன்றிகள் புல்தரையைப் புரட்டிப் போட்டிருந்தன. ஓநாய் அற்றுப்போன நாடு என்பதால், விலங்குகள் பெருகிப் புதர்களையெல்லாம் மேய்ந்து தீர்த்துவிடாமல் இருக்க, ஆண்டுதோறும் சிலவற்றை இறைச்சிக்காகக் கொல்கிறார்கள். அது நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் எதை வைத்துக்கொள்வது, எதை அகற்றுவது என்று ஒருவர் முடிவு செய்தாக வேண்டும் என்பதை இந்த வாரத்தில் என்னால் அமைதியாக எண்ணிப்பார்க்க இயலவில்லை.

மே 14
மூடுபனி. அண்ணி அழைத்தார். கேட்விக் விமான நிலையத்திலிருந்து நாளை புறப்படுகிறேன். கன்றிடம் இன்று போகவில்லை.