வாசல் தோட்டமே கீரைப் பாத்தி

கிருஷ்ணகிரிப் பக்கம் புது வீடு கட்டினால் முன்னால் குரோட்டன்ஸும் புல்தரையும் வந்துவிடும். கோடையில் போர் தண்ணீர் இழுத்து இழுத்து வருகிற ஊரில் புல்லுக்கு எதற்குத் தண்ணீர்? தங்கை வீட்டு வாசலுக்குத் தோட்டம் வரைந்து கொடுத்தபோது ஒரே நிபந்தனை வைத்தேன்: எந்தச் செடியானாலும் ஏதோ ஒரு பாகம் அடுப்படிக்குப் போக வேண்டும்.

பாதை ஓரம் முழுக்கச் சிவப்புப் பொன்னாங்கண்ணி. கிள்ளக் கிள்ள அடர்த்தியாகும், பொரியலுக்குப் பறிப்பதே கத்தரித்து விடுகிற வேலையும் ஆகிவிடுகிறது. கம்பி வேலியில் நீலச் சங்குப்பூவும் ஊதாத் தண்டுக் கொடிப்பசலையும். பின்வரிசையில் ஆளுயரத்துக்குப் புளிச்சகீரை, அதுவும் சிவப்புக் காய் வகை. பூ வாடிய பிறகு அதன் அடியில் இருக்கிற புல்லிவட்டம் சதை பிடித்துச் செக்கச்செவேலென்று நிற்கும். துவையலுக்கும் ஜாமுக்கும் அதுதான். பார்க்க எந்தக் குரோட்டன்ஸும் கிட்டே வராது. மூலையில் மாதுளை, கொஞ்சம் நிழல் விழும் இடத்தில் கற்பூரவல்லி. மழை வந்தால் அதன் இலையில் பஜ்ஜி.

மஞ்சள் அரளி வைக்கலாமே என்றார் மாமா. சாமிக்கு ஆகும், ஆனால் செடி முழுக்க விஷம். பிள்ளைகள் இலை கிள்ளித் தின்கிற தோட்டத்தில் கூடவே கூடாது. ரோஜாவும் அப்படித்தான் யோசித்து வைக்க வேண்டும்: ஓசூர்ப் பக்கம் பூக்கடைக்காக வளர்ப்பது மருந்தடித்து வருவது. குல்கந்துக்கு வாசமுள்ள பன்னீர் ரோஜாவை மருந்தில்லாமல் நாமே வளர்த்தால்தான் உண்டு.

முருங்கை மட்டும் வாசலில் ஆகாது என்று அத்தை ஒரே பிடிவாதம். சரி, அது கொல்லைப்பக்கம் போய்விட்டது.