ஆஸ்டிரியாஸ் ஒட்டு பிடித்துவிட்டது

ரப்பர் பேண்டை அவிழ்த்து, வேறொரு கள்ளித் தண்டின் மேல் ஒட்டுக் கட்டியிருந்த ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டிரியாஸ் என்ற உருண்டைக் கள்ளியின் நாற்றை விரல் நுனியால் அசைத்துப் பார்த்தேன். நகரவில்லை! சுருங்கிக் கிடந்த உடல் உப்பியிருக்கிறது; உச்சியில் புதிதாக ஒரு வெள்ளைப் பஞ்சுப் புள்ளி. சென்னைப் புழுக்கத்தில் ஒட்டு அழுகிவிடும் என்று எங்கள் கள்ளிச்செடிச் சங்கத்தில் அடித்துச் சொன்னவர்களுக்கு, அடுத்த கூட்டத்தில் தொட்டியோடு கொண்டுபோய்க் காட்டுவேன்.

அடியில் வேரோடு நின்று நாற்றைத் தாங்கும் வேர்ச்செடி வழக்கமான டிராகன் பழத் தண்டுதான். வெட்டியதும் நடுவில் தெரியும், நீரும் சத்தும் கடத்தும் வெளிறிய வளையத்தில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. நாற்றின் வளையமோ கடுகளவு. நடுவுக்கு நடு வைத்தால் சின்ன வளையம் பெரிய வளையத்துக்குள் விழுந்து எங்குமே தொடாது. ஆகவே நாற்றை ஓரமாகத் தள்ளி, ஒரு வளையம் இன்னொன்றின் மேல் ஏறும்படி வைத்தேன். பார்க்கக் கோணலாக இருக்கிறது, இருக்கட்டும்.

வெட்டுவதற்கு ஸ்பிரிட்டில் துடைத்த சவரப் பிளேடுதான். காய்கறிக் கத்தி சதையை நசுக்கும். தண்டின் மூன்று விளிம்புகளையும் சரிவாகச் சீவிவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்சதை காய்ந்து குழிந்து, தோல் மட்டும் தூக்கி நின்று நாற்றைத் தள்ளிவிடும். பிறகு மேலே மெல்லிய வில்லை ஒன்றைச் சீவி அப்படியே விட்டுவைப்பேன். நாற்றை வெட்டிய கையோடு வில்லையை வழித்தால் அடியில் ஈரம் காயாத பரப்பு கிடைக்கும். வைத்ததும் லேசாகத் திருகி அழுத்தினால் காற்றுக் குமிழ் வெளியேறிவிடும்.

நர்சரிகளில் விற்கும் சிவப்புப் பந்துக் கள்ளிகளும் ஒட்டுச்செடிகள்தாம். 1941-இல் ஜப்பானில் எய்ஜி வாட்டனபேயின் நாற்றுகளில் தோன்றியவை. பச்சையம் இல்லாததால் ஒட்டிலேதான் உயிர்வாழும். ஆஸ்டிரியாஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, வேகத்துக்காகத்தான் ஒட்டுகிறோம். அண்மையில் ஒரு நர்சரியில் கள்ளியின் தலையில் கோந்து வைத்துக் காகிதப்பூவை ஒட்டி விற்றார்கள். வளர்நுனியையே மூடிவிடும் அக்கிரமம்!

விதை சங்கத்து நண்பர் வீட்டுச் செடியில் காய்த்தது. டெக்சாஸிலும் மெக்சிகோவிலும் காட்டிலிருந்து பிடுங்கியதாலும் அருகிப்போன செடி இது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. விதையிலிருந்து வந்ததைத் தவிர வேறெதையும் தொட மாட்டேன்.

தடித்தபின் வெட்டிச் சொந்த வேரில் இறக்கும் வேலை பாக்கி. அதற்குள் மனம் நம்மூர்ச் சதைப்பற்றுச் செடியான கள்ளிமுளையான் பக்கம் போய்விட்டது. ஒரு துண்டு தருவதாக அதே நண்பர் சொல்லியிருக்கிறார். ஐப்பசி மழைக்கு முன் மொட்டைமாடியில் பாலிதீன் கூரை போட்டாக வேண்டும்.