பின்சுவரின் ஓதம்

கொஞ்ச காலமாக எங்கள் வீட்டில் ஒரு சுவரைப் பற்றித்தான் பேச்சு. தோட்டத்தைப் பார்த்த பின்சுவர். மழை பெய்த மறுநாள் காலையில் கீழ்வீட்டிலிருந்து நாத்தனார் குரல் கொடுப்பாள்: "அண்ணி, சமையலறை மூலையில திரும்பவும் ஓதம் ஏறியிருக்கு." ஒவ்வொரு தடவையும் ஈரம் எதுவரை ஏறியது என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டுத் தேதியும் எழுதி வைப்பாள். நாலு வருஷத்தில் அந்த மூலை, குழந்தையின் உயரத்தை அளந்து குறித்த கதவு நிலை மாதிரி ஆகிவிட்டது.

வீடு நியூயார்க்கின் ப்ரூக்ளினில், கவானஸ் கால்வாயிலிருந்து மூன்று தெரு தள்ளி. இருபதடி அகலம், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர், நூறு வயதைத் தாண்டிய செங்கல். மாடியில் நாங்கள், கீழே நாத்தனார் குடும்பம். நகராட்சிப் பதிவில் "இரு குடும்ப வீடு" என்றுதான் இருக்கிறது. இங்கே அந்த எண்ணிக்கைக்கு மதிப்பு அதிகம். மூன்றாவது குடும்பம் வந்துவிட்டால் மல்டிபிள் ட்வெல்லிங் சட்டம் என்ற வேறொரு சட்டத்துக்குள் வீடு போய்விடும். தீத்தடுப்பு, வெளியேறும் வழி எல்லாவற்றுக்கும் விதிகள் மாறும். 1938-க்கு முன் கட்டி, பிறகு உபயோகம் மாறாத வீடு என்பதால் கட்டடத்தில் குடியிருக்கலாம் என்று நகராட்சி தரும் குடியிருப்புச் சான்றிதழ் எங்களிடம் கிடையாது. அதற்குப் பதில் ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்தான். வாங்கும்போது அந்த ஒரு காகிதத்துக்காக நாங்கள் அலைந்த அலைச்சலை இப்போது நினைத்தாலும் கால் வலிக்கிறது.

ஸ்மித்-நைன்த் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தின் நடைமேடையில் நின்றால் இந்த வட்டாரம் முழுவதும் தெரியும். 1933-ல் திறந்த நிலையம்; கீழே உயரமான பாய்மரக் கப்பல்கள் போக வேண்டும் என்பதற்காக 27 மீட்டர் உயரத்தில் கட்டினார்கள். இன்று கப்பல் இல்லை. மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான அந்தக் கால்வாயின் கரையெங்கும் ஒரு காலத்தில் தோல் பதனிடும் ஆலைகளும், ரசாயன ஆலைகளும், நிலக்கரியிலிருந்து விளக்கு வாயு எடுக்கும் கூடங்களும் இருந்தன. அந்தக் கூடங்கள் விட்டுப்போன தார் கால்வாயின் அடியில் தங்கிவிட்டது. 2010-ல் மத்திய அரசு இதை சூப்பர்ஃபண்ட் என்ற, மிக மோசமாக மாசுபட்டு சுத்தம் செய்ய வேண்டிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது. 2020 நவம்பரில்தான் தூர்வாரத் தொடங்கினார்கள். 2021-ல் நில உபயோக விதியை மாற்றிய பிறகு கரையோரம் அடுக்குமாடிகள் வரிசையாக எழுகின்றன. இவ்வளவுக்கும் நடுவில் எங்கள் தெருவின் செங்கல் வீடுகள் அப்படியே நிற்பதைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

சரி, சுவருக்கு வருகிறேன்.

எங்களுக்கு முன்னால் யாரோ ஒருவர் பின்சுவர் இணைப்புகளில் சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார். கல் சிவப்பு, கோடு சாம்பல். பார்க்கத் திடமாகத்தான் இருந்தது. இரண்டு குளிர்காலம் போனதும் செங்கல்களின் முகம் அப்பளம் மாதிரி உரிந்து தோட்டத்தில் விழ ஆரம்பித்தது. கையில் எடுத்தால் உள்பக்கம் சிவப்புத் தூளாக உதிர்ந்தது.

முதலில் வந்த காண்டிராக்டர் ஒருவர், "எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு இன்னும் நல்ல சிமெண்ட் போடலாம்" என்றார். என் கணவர் ஒத்துக்கொள்கிற நிலைக்கு வந்துவிட்டார். அந்த வாரம்தான் மாமா ஊரிலிருந்து வந்து இறங்கினார். காரைக்குடிப் பக்கம் நாற்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவர். காபியைக் கையில் வைத்துக்கொண்டே தோட்டத்துக்குப் போனார். வீட்டுச் சாவியை வாங்கி ஓர் இணைப்பைச் சுரண்டினார், சாவிதான் வழுக்கியது. சிமெண்ட் பெயர்ந்து போயிருந்த இன்னோர் இடத்தில், ஆழத்தில் இருந்த பழைய சாந்தைச் சுரண்டினார். வெள்ளையாகப் பொடிந்து வந்தது. விரலில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"ஏம்மா, இது சுண்ணாம்புக் காரைல கட்டுன சுவரு. கல்லு மெதுவு, மேல பூசுனது கெட்டி. தண்ணி எங்கிட்டுப் போகும்?"

விஷயம் அவ்வளவுதான். பழைய செங்கல் மென்மையானது, நீரை உறிஞ்சும். சுண்ணாம்புச் சாந்து அதைவிட மென்மை. சுவர் குடித்த ஈரம் அந்த இணைப்பு வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கி, குளிரில் பனியாக உறைந்து, கல்லின் முகத்தைத் தள்ளிவிடுகிறது. மிச்சம் உள்ளே ஏறி நாத்தனார் மூலைக்கு வருகிறது. அமெரிக்க நேஷனல் பார்க் சர்வீஸ் பழைய கட்டடங்களுக்குத் தரும் வழிகாட்டலிலும் சாந்து செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. அதைக் காட்டிய பிறகுதான் என் கணவர் இறங்கி வந்தார்.

சுண்ணாம்பு வேலைக்குச் சம்மதித்த கொத்தனார் ஈக்வடார்காரர். கூலி, சிமெண்டுக்குக் கேட்டதைப் போல இரண்டு மடங்கு, கொடுத்தோம். அவர் சுழல் ரம்பத்தைத் தொடவே இல்லை. அது கல்லின் ஓரத்தைத் தின்றுவிடும் என்று, உளியும் சுத்தியலுமாக ஒவ்வோர் இணைப்பையும் ஒரு அங்குல ஆழத்துக்குச் சுரண்டினார். அந்தச் சத்தம் ஆறு வாரம் கேட்டது. மாமா தோட்டத்து நாற்காலியில் உட்கார்ந்து வரிகளை எண்ணுவார்: ஐந்து வரி நீளவாட்டுக் கல், ஆறாவது வரி குறுக்குக் கல். முகம் முழுவதும் போன கற்களை எடுத்தபோது ஒன்றின் குழிவில் செய்தவரின் பெயர் எழுத்துகள் பாதி அழிந்து தெரிந்தன. இந்த ஊர்ப் பழைய செங்கல்களில் பெரும்பகுதி ஹட்சன் ஆற்றங்கரைச் சூளைகளிலிருந்து படகில் வந்தவை. அங்கே ஹேவர்ஸ்ட்ரா என்ற ஊரில் செங்கல்லுக்காகக் களிமண் தோண்டித் தோண்டி, 1906-ல் கரையே சரிந்து வீடுகளோடு ஆட்களும் போனார்கள். அந்தக் கல்லைக் கழுவி சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

சாந்து ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். மணல்தான் நிறத்தைத் தீர்மானிக்கும் என்பதால் நாலு விதம் குழைத்துக் காயவைத்துப் பழைய சாந்தோடு ஒப்பிட்டோம். மாமா கரணையில் கொஞ்சம் எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தார், விழாமல் ஒட்டிக்கொண்டது. கொத்தனார் அதைப் பார்த்துத் தலையாட்டினார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை; அன்றிலிருந்து அவர் குழைத்ததும் முதல் கரணையை மாமாவிடம்தான் நீட்டுவார். ஊரில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்போம் என்று மாமா என்னிடம் சொன்னார். இங்கே அது வேண்டியிருக்கவில்லை. பூசிய இடத்தை வெயில் சட்டென்று காயவைத்துவிடாமல் ஈரச் சாக்கு தொங்கவிட்டார்கள். சாக்கை நனைப்பது என் வேலை, காலையும் மாலையும்.

நடுவில் ஒரு பயம். தரையைத் தாங்கும் மரச்சட்டங்கள் பக்கச் சுவர்களில்தான் உட்கார்ந்திருக்கின்றன. பின்சுவரை ஒட்டிய கடைசிச் சட்டத்தின் முனை மட்டும் அந்த ஓத மூலையில் இருந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் வெண்ணெயில் போவது போல இறங்கியது. முனையை வெட்டி, பக்கத்தில் புதுச் சட்டம் சேர்த்து போல்ட் போட்டார்கள். அன்று இரவு நாத்தனார் சாப்பிடவே இல்லை.

ஜன்னல் நிலைகளின் பழைய பெயிண்டையும் அப்போதே எடுத்தோம். ஈயப் பெயிண்டை நியூயார்க் 1960-ல் தடை செய்தது. அதற்கு முந்தைய அடுக்குகளில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு, குழந்தைகளை ஒரு வாரம் தோழி வீட்டில் விட்டோம்.

தரையை ஒட்டிய கடைசி நாலடி பாக்கி இருக்கும்போது குளிர் வந்துவிட்டது. சுண்ணாம்பு இறுகும் முன் உறைபனி பட்டால் அத்தனையும் உதிர்ந்துவிடும், அதனால் நிறுத்திவிட்டோம். மாமா ஊருக்குத் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் சுவரைத்தான் விசாரிக்கிறார்.

போன மாதம் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலை நான் கீழே போனேன். நாத்தனார் பென்சிலோடு மூலையில் உட்கார்ந்து சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னையும் தொடச் சொன்னாள். குளிர்ச்சியாக இருந்தது, ஈரம் இல்லை. கோடு போடாமல் தேதியை மட்டும் எழுதினாள்.