அம்மாவின் ராத்திரி பிரஷர்

மக்களைத் தேடி மருத்துவத்தில் வரும் அக்கா வீட்டில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவுக்கு 130/80 பக்கம்தான் நிற்கும். ஆனாலும் காலையில் எழுந்தால் தலைவலி, காலில் லேசான வீக்கம். பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். "24 மணி நேர மெஷினைக் கட்டிப் பார்த்துருவோம்" என்றார். அதன் வாடகைக்கே ஒரு வாரப் பீடிக் கூலி போய்விட்டது.

இடது கையில் பட்டை, இடுப்பில் சின்னப் பெட்டி. பகலில் அரை மணிக்கு ஒரு தடவை, ராத்திரி ஒரு மணிக்கு ஒரு தடவை தானாகவே இறுக்கி அளக்கும். அப்போது கையை அசைக்கக் கூடாது. முக்கூடலில் பீடி சுற்றுகிறவளிடம் போய் இதைச் சொன்னால்? மடியில் சொளவு, விரலில் இலை, தூளை வைத்து உருட்டப் போகும் நேரம் பார்த்து அது உர்ரென்று இறுக்கும். அசைந்தால் அளவு தப்பி, மறுபடியும் இறுக்கும். "எல, இப்படிக் கையைப் புடிச்சு வச்சா இன்னைக்கு ஆயிரம் எப்படில முடியும்?" என்று அம்மா ஒரே புலம்பல்.

தூங்கும் நேரத்தைக் குறிக்க ஒரு தாளும் கொடுத்திருந்தார்கள். படுத்தது பதினொன்றரை, எழுந்தது மூன்றரை, குழாயில் தண்ணீர் வரும் நேரம்.

பகல் சராசரி 131/82, ராத்திரி 134/80 என்று ரிப்போர்ட் வந்தது. தூக்கத்தில் பிரஷர் 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டுமாம். ராத்திரி சராசரி 120/70ஐத் தொட்டாலே அதிகமாம். பக்கவாதம், மாரடைப்பு வருமா என்று கணிக்க ஆஸ்பத்திரியில் பார்க்கும் அளவைவிட இதைத்தான் அதிகம் நம்பலாம் என்றார் டாக்டர். குறட்டை உண்டா, சர்க்கரை உண்டா என்று கேட்டு, கிட்னி டெஸ்டும் எழுதினார். அப்புறம் உப்புக்கு வந்தார். பகலில் கழியாத உப்பை ராத்திரி வெளியேற்ற சிறுநீரகத்துக்கு அழுத்தம் கூடுதலாக வேண்டியிருக்குமாம். எங்கள் வீட்டில் ராத்திரிச் சோற்றுக்குக் கருவாடு, இல்லையென்றால் ஊறுகாய். ஒரு வேளைக் காய் வாங்கும் காசுக்கு அது நாலு நாள் வரும்.

வருமானமும் படிப்பும் குறைந்தவர்களுக்கு இந்த ராத்திரி இறக்கம் குறைவாக இருப்பதாக அமெரிக்க ஆய்வுகள் சில சொல்வதைப் பிறகு படித்தேன். அங்கே கறுப்பின மக்களிடமும் அப்படித்தானாம். அம்மாவின் அந்தத் தாளைப் பார்த்தவனுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

டாக்டர் மாத்திரையை மாற்றினார். ராத்திரியில் போட்டால்தான் கேட்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் கலந்துகொண்டு 2022இல் வெளியான ஆய்வில், காலையில் போட்டாலும் ராத்திரி போட்டாலும் மாரடைப்பு, பக்கவாதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. மறக்காத நேரத்தில் போடச் சொன்னார் டாக்டர். தண்ணீர் பிடிப்பது இப்போது என் வேலை. பீடியைக் குறைக்கத்தான் அம்மா சம்மதிக்கவில்லை, குழுக் கடன் அடையட்டும் என்கிறாள்.

மெஷின் கட்டப் போகிறவர்கள் குளித்துவிட்டுப் போங்கள்; கழற்றும்வரை குளிக்க முடியாது. கை லூசான சட்டை நல்லது.