இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு

நான்கு மாதங்களுக்கு முன்பு, 1854-ஆம் ஆண்டு 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' இதழின் ஒரு தாள் கைக்கு வந்தது. கிரிமியப் போருக்குக் கப்பலேறும் வீரர்கள் படம். பூதக்கண்ணாடியில் பார்த்தால், வானத்தில் தொடங்கி, பாய்மரத்தை வெட்டிக்கொண்டு, கடல் வரை மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு நேராக இறங்குகிறது. குறுக்கேயும் ஒன்று. மடிப்பும் இல்லை, கிழிசலும் இல்லை. படத்தைச் செதுக்கி அச்சடிக்கும் மரக்கட்டைகள், அதாவது மர பிளாக்குகள், சேரும் இடம். அந்தக் கோட்டின் மேல் வந்த ஆசையில்தான் நானே செதுக்கிப் பார்க்க இறங்கினேன்.

ஹெர்பர்ட் இங்க்ராம் 1842 மே 14 அன்று தொடங்கிய வார இதழ் அது. முதல் இதழிலேயே 16 பக்கங்கள், 32 படங்கள். விலை ஆறு பென்ஸ். செம்புத் தகட்டில் செதுக்கிய படத்தில் மை பள்ளத்தில் நிற்கும், ஈய எழுத்தோடு சேர்த்து அடிக்க முடியாது. மர பிளாக்கில் மேடுதான் மை வாங்கும். எழுத்தின் உயரத்துக்கே, அதாவது 23 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக, அறுத்து வைத்தால் படமும் செய்தியும் ஒரே அடியில் விழுந்துவிடும். இங்கிலாந்தின் நியூகாசில் செதுக்குநர் தாமஸ் பெவிக் காட்டிய வழியில், பாக்ஸ் என்னும் கெட்டி மரத்தின் தண்டைக் குறுக்கே அறுத்த முகத்தில் செதுக்கினார்கள். ஆனால் பாக்ஸ் மரம் பருக்காது. ஆகவே பெரிய படத்துக்குப் பல துண்டுகளை இணைக்க வேண்டியிருந்தது. பின்புறம் போல்ட்டு நட்டு போட்டு முடுக்கும் முறை வந்த பிறகு, படம் வரைந்த பிளாக்கைக் கழற்றி ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்து ஒரே இரவில்கூடச் செதுக்கி முடிக்க முடிந்தது.

எனக்குப் பாக்ஸ் மரம் கிடைக்கவில்லை. மரப்பட்டறையில் மஞ்சள் கடம்பைக் குறுக்கே அறுத்து, நான்கு அங்குலத்தில் இரண்டு துண்டு வாங்கினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, விரல் வைத்தால் கண்ணாடி போல வழுக்கும் அளவுக்குக் கொண்டுவர ஒரு வாரம் ஆனது. இதழின் தலைப்புப் படத்தில் இருக்கும் செயின்ட் பால் தேவாலயக் கோபுரத்தையும் தேம்ஸ் படகு ஒன்றையும் இடவலம் மாற்றி வரைந்தேன். ஒரு துண்டை நான் எடுத்துக்கொண்டேன், இன்னொன்றைத் தங்கையிடம் கொடுத்தேன்.

சேர்த்து அடித்துப் பார்த்தபோது மனம் சோர்ந்துவிட்டது. என் அலைக்கோடுகள் மெலிசு, அவளுடையவை தடிமன். இணைப்பில் அரை மில்லிமீட்டர் விலகல். ஆற்றின் நடுவே சுவர் எழுப்பியது போல இருந்தது.

பிறகுதான் லண்டன் பட்டறைக்காரர்களின் வழக்கத்தைப் பின்பற்றினேன். துண்டுகளைக் கழற்றுவதற்கு முன்பே, இணைப்பைத் தாண்டிப் போகும் கோடுகளைத் தலைமைச் செதுக்குநர் இருபுறமும் கொஞ்ச தூரம் செதுக்கிவிடுவார். மற்றவர்கள் அந்த ஆழத்தையும் தடிமனையும் பிடித்துக்கொண்டே போக வேண்டும். நானும் கால் அங்குலம் அப்படிச் செய்து கொடுத்தேன். இந்த முறை அலைகள் ஓடிச் சேர்ந்தன. கரண்டியின் பின்புறத்தால் தேய்த்துத் தாளைத் தூக்கியபோது இருவருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்தப் பழைய தாளின் மூலையில் ஒரு சிவப்பு முத்திரையும் உண்டு. 1712-இல் வந்த பத்திரிகை வரியின் அடையாளம். 1815-இல் நான்கு பென்னி வரை ஏறி ஏழைகளிடமிருந்து செய்தியைப் பிரித்தது. 1836-இல் ஒரு பென்னியானது. 1855-இல் கட்டாயம் போனது. அப்புறம்தான் ஒரு பென்னி நாளிதழ்கள் பெருகின. நியாயமே இல்லாத வரி என்பது என் எண்ணம்.

அடுத்தது நான்கு துண்டுப் படம். முகங்களும் உருவங்களும் கைதேர்ந்தவர்களுக்கு, வானமும் தண்ணீரும் மற்றவர்களுக்கு என்று அந்நாளில் வேலையைப் பிரித்தார்கள். ஆனால் ஒரே சீரான வானக்கோடுதான் எனக்கு இன்னும் கைவரவில்லை. தங்கை வானத்தைத்தான் கேட்டிருக்கிறாள். சரி என்று சொல்லிவிட்டேன்.