கட்சுமியை யாருக்குத் தெரியும்?

எங்கள் அப்பச்சி இளவயதில் கணக்கெழுதக் கொல்கத்தா போனவர். காரைக்குடிக்குத் திரும்பி எத்தனையோ காலமாகியும் வங்காள மொழியும் அந்த ஊர்க் கால்பந்து அணியான மோகன் பகானும் அவரை விடவில்லை. காலையில் காபி ஆறிக்கொண்டிருக்கும். அவர் ஃபேஸ்புக்கில் மோகன் பகான் ரசிகர்கள் எழுதியதைப் படித்துக்கொண்டிருப்பார். கட்சுமி என்ற பெயரை எனக்குச் சொன்னது அவர்தான்.

கட்சுமி யூசா, ஃபுகுஷிமாக்காரர். நடுக்கள ஆட்டக்காரர். ஜப்பான் தேசிய அணிக்கு ஒருநாளும் ஆடியதில்லை. டோக்கியோவில் ரயில் ஏறினால் யாரும் செல்ஃபி கேட்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் வங்காளிகள் அவருடைய பழைய ஆட்டங்களை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, இன்னமும் பகிர்கிறார்கள்.

இத்தனைக்கும் அவர் வித்தை காட்டுகிறவர் இல்லை. மோகன் பகானில் அதற்கு ஹைதியின் சோனி நோர்டே இருந்தார். கட்சுமி ஓடுவார். பந்தைப் பறிகொடுத்தால் மற்றவர்கள் இடுப்பில் கை வைத்து நிற்கும்போது இவர் பின்னாலேயே துரத்திப் போவார். அன்றைய தேசியக் கால்பந்துத் தொடரான ஐ-லீக்கில், 2014-15 சீசனில், 13 வருடத்துக்குப் பிறகு மோகன் பகான் தேசியப் பட்டம் வென்றது. பெங்களூருவில் கடைசி ஆட்டம், டிரா செய்தாலே போதும் என்ற நிலையில் ஒரு கோல் பின்தங்கிவிட்டார்கள். 87-வது நிமிடத்தில் நைஜீரியாவின் பெல்லோ ரசாக் தலையால் முட்டிக் காப்பாற்றினார். அந்தக் கோலைப் பற்றி ஆரம்பித்தால் அப்பச்சி சாப்பாட்டை மறந்துவிடுவார். ஆனாலும் அவருக்குப் பிடித்தவர் கட்சுமிதான். கோல் போடுகிறவனை எல்லாரும் பார்ப்பார்கள், ஓடுகிறவனைப் பார்க்கத்தான் பழக்கம் வேண்டும் என்பார்.

2017-இல் கட்சுமி கொல்கத்தாவின் எதிரணியான ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். இது சாதாரண விஷயமில்லை. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால் என்று சமையலறை வரைக்கும் பிரிந்து கிடக்கும் ஊர் அது. "பிழைப்புக்காக நீங்களும் ஊர் விட்டுப் போனவர்தானே?" என்று அப்பச்சியிடம் கேட்டேன். "போனேன். எதிர்க்கடைக்குப் போகலையே!" என்றார். கொஞ்ச நாள் முகம் திருப்பிக்கொண்டிருந்தார். அப்புறம் கட்சுமி மணிப்பூரின் நெரோகா அணிக்குப் போனதும் கோபம் தணிந்துவிட்டது.

2019-இல் கட்சுமி வந்து சேர்ந்த இடம் சென்னை சிட்டி அணி! முந்தைய சீசனின் ஐ-லீக் சாம்பியன். பெயர்தான் சென்னை, சொந்த மைதானம் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். அப்பச்சியை அழைத்துக்கொண்டு நானும் தம்பியும் ஒரு ஆட்டத்துக்குப் போனோம். சிராவயல் மஞ்சுவிரட்டுக் கூட்டத்தில் ஒரு மூலை அளவுகூட ஆளில்லை. சாம்பியன் அணிக்கே இந்த கதி என்றால் என்ன சொல்ல! இதில் எனக்கு இன்னும் ஆத்திரம் உண்டு. கொல்கத்தா கொண்டாடிய ஆள் பேருந்து தூரத்தில் ஆடிக்கொண்டிருக்கிறார், நம் ஊர்ப்பக்கம் ஒருவருக்கும் தெரியவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் அந்த லீக்கையே பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

கேலரியிலிருந்து தம்பி எடுத்த படம் கலங்கலாகத்தான் வந்தது. அப்பச்சி அதை ரசிகர்கள் பக்கத்தில் வங்காளத்தில் நாலு வரி எழுதிப் போட்டார். ராத்திரி முழுக்க அவர் போன் சத்தம் நிற்கவில்லை. அதே படத்தை நான் எங்கள் பங்காளிகள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். ஒரே ஒரு பதில் வந்தது: "யாரு ஆச்சி இது, சீனாக்காரரா?"